'இல்மாட்டிக்': நாற்பது நிமிடத்துக்கு முப்பது வருடச் சண்டை

நாஸ் என்ற இருபது வயது நியூயார்க் ராப் பாடகரின் முதல் ஆல்பம் 'இல்மாட்டிக்'. 1994 ஏப்ரல் 19 அன்று கொலம்பியா ரெக்கார்ட்ஸ் அதை வெளியிட்டது. முன்னோட்டம் போல வரும் ஒரு துண்டையும் சேர்த்தால் பத்து ட்ராக், அதை விட்டால் ஒன்பதே பாட்டு. முழுக்கக் கேட்டு முடிக்க நாற்பது நிமிடம் கூட ஆகாது. ஆனால் இதைப் பற்றிய வாக்குவாதம் முப்பது வருடம் தாண்டியும் ஓயவில்லை. ஹிப்ஹாப்பில் வந்ததிலேயே சிறந்தது என்று ஒருவர் சத்தியம் செய்வார். அடுத்தவர், "நல்லாத்தான் இருக்கு, ஆனா இவ்வளவு தூக்கிவைக்க என்ன இருக்கு?" என்பார். இருவரும் கேட்டது ஒரே ஒலிப்பதிவைத்தான்.

எந்த வருடத்தில், எந்த ஊரில், எந்தப் பாட்டுகளுக்கு நடுவே கேட்டார்கள் என்பதை வைத்துத்தான் பாதிக் கருத்து அமைகிறது என்பது என் எண்ணம். மற்ற ஆல்பங்களுக்கும் இது ஓரளவு பொருந்தும். இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு கூர்மையாகப் பொருந்துகிறது என்று தெரிய, கொஞ்சம் பின்னணிக்குப் போக வேண்டும்.

குவீன்ஸ்பிரிட்ஜ் என்பது நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், கிழக்கு ஆற்றங்கரையில், பாலத்தின் நிழலில் இருக்கும் அரசு குடியிருப்பு. 1939ல் திறந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள்; அமெரிக்காவின் அரசு குடியிருப்புகளிலேயே பெரியது. எண்பதுகளில் மார்லி மார்ல், எம்சி ஷான் போன்றவர்களால் அந்த இடத்துக்கு ராப் உலகில் நல்ல பெயர் இருந்தது. ஷான் தன் குடியிருப்பின் பெருமையைப் பாட, பிராங்க்ஸைச் சேர்ந்த கேஆர்எஸ்-ஒன் 1987ல் 'தி பிரிட்ஜ் இஸ் ஓவர்' என்ற பாட்டால் பதிலடி கொடுத்தார். பாலத்தின் கதை முடிந்தது என்று தலைப்பிலேயே அடித்த அடி. அது நன்றாகவே பட்டது. அப்புறம் சில வருடங்கள் அந்தப் பக்கமிருந்து பெரிய குரல் எதுவும் எழும்பவில்லை. கிராக் போதைப்பொருள் தெருக்களைச் சிதைத்துக்கொண்டிருந்த காலமும் அதுதான்.

நாஸ் என்கிற நாசிர் ஜோன்ஸ் வளர்ந்தது அங்கே. அப்பா ஓலு டாரா, மிசிசிப்பியிலிருந்து வந்த ஜாஸ் கலைஞர்; ட்ரம்பெட் போன்ற ஊதுகருவியான கார்னெட் வாசிப்பவர். மகன் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டார். 1991ல் மெயின் சோர்ஸ் குழுவின் 'லைவ் அட் தி பார்பெக்யூ' பாட்டில் முதல் ஆளாக வந்து சில அடிகள் பாடினார். அந்தச் சில அடிகளே நியூயார்க் முழுக்க ஒரு வதந்தியாகப் பரவியது. 1992ல் 'ஸீப்ராஹெட்' படத்துக்காக 'ஹாஃப்டைம்' வந்தது. அதே வருடம் அவருடைய நெருங்கிய நண்பர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இரண்டு பாட்டாலேயே, ஆல்பம் வருவதற்கு முன்பே எதிர்பார்ப்பு ஏறியிருந்தது. கூடவே அக்காலத்தில் ராப்பின் மையம் லாஸ் ஏஞ்சலஸுக்கு நகர்ந்திருந்தது. டாக்டர் டிரேயின் 'தி க்ரானிக்' 1992 டிசம்பரில், ஸ்நூப்பின் 'டாகிஸ்டைல்' 1993 நவம்பரில். கார்களில், பார்ட்டிகளில் ஓடியதெல்லாம் மேற்குக் கரை இசை. ஹிப்ஹாப்பைப் பெற்ற ஊருக்கு அது ஒரு மானப் பிரச்சினை.

ஆகவே 1994ல் நியூயார்க்காரர் 'இல்மாட்டிக்' கேட்டபோது ஆல்பத்தை மட்டும் கேட்கவில்லை. தன் ஊர் எழுந்து நிற்பதைக் கேட்டார். 'தி சோர்ஸ்' பத்திரிகை அப்போது ராப் ரசிகர்களுக்கு வேதம் மாதிரி. ஆல்பங்களுக்கு மைக் கணக்கில் மதிப்பெண் போடும். முழு ஐந்து மைக் வாங்குவது அபூர்வம். 'இல்மாட்டிக்' அதை வாங்கியது. விமர்சனம் எழுதியவர் மின்யா ஓ, பின்னாளில் மிஸ் இன்ஃபோ என்ற பெயரில் வானொலியில் புகழ் பெற்றவர். மேற்குக் கரை ரசிகர்களுக்கு அங்கேதான் எரிச்சல் தொடங்கியது. நாடே ஆடிய 'தி க்ரானிக்'குக்கு அதே பத்திரிகை நாலரைதான் போட்டிருந்தது. நியூயார்க் பத்திரிகை நியூயார்க் பையனுக்குச் சொந்தக்காரச் சலுகை காட்டியது என்ற பேச்சு அன்று எழுந்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை. அதில் கொஞ்சம் நியாயம் உண்டு என்றுதான் எனக்கும் படுகிறது. அதே நாலரையை வூ-டாங் கிளானின் முதல் ஆல்பத்துக்கும் நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் 'ரெடி டு டை'க்கும் போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டும் நியூயார்க்தான்.

சரி, ஆல்பத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

முதலில் சொற்கட்டு. யாப்பு கொஞ்சம் தெரிந்த தமிழருக்கு இதை விளக்குவது சுலபம். ஆரம்ப கால ராப்பில் ஓசை ஒற்றுமை பெரும்பாலும் அடியின் கடைசியில் வரும். நம் இயைபு போல. 1987ல் ராக்கிம் வந்து அடியின் நடுவிலும் அந்த ஓசையை மடித்து வைத்தார். கூல் ஜி ராப் ஒற்றை அசைக்குப் பதில் பல அசைகளை ஒரே சேர்த்தியாக ஒலிக்க வைத்தார். நாஸ் இந்த இரண்டு பேரிடமும் பாடம் கேட்டவர். ஓர் அடிக்குள்ளேயே மூன்று நான்கு இடத்தில் ஒரே ஓசை வந்து விழும், ஏறக்குறைய முற்றெதுகை பாடுபவரின் பிடிவாதத்தோடு. ஆனால் வாக்கியம் அடியின் எல்லையில் நிற்காது. தாளத்தைத் தாண்டி அடுத்த அடிக்குள் வழிந்து, பாதியில் மூச்சு வாங்கி, மறுபடி ஓடும். எதுகைக்காகச் சொல்லைத் தேடியது போலவே தெரியாது. பேச்சு தானாக அப்படி அமைந்துவிட்டது மாதிரி இருக்கும். 'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' தொடங்கும்போது, எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை என்று அவர் முணுமுணுப்பது பதிவாகியிருக்கிறது. அடுத்த நொடி பாயத் தொடங்குகிறார். அந்த முதல் பகுதியை ஒரே டேக்கில் முடித்தார் என்று பாட்டுக்கு பீட், அதாவது பின்னணி இசை, போட்ட டிஜே பிரீமியர் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது, பீட். இங்கே புரொட்யூசர் என்ற சொல்லைத் 'தயாரிப்பாளர்' என்று மொழிபெயர்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். நம் ஊரில் அது பணம் போடுகிறவர். ராப்பில் புரொட்யூசர் என்றால் பழைய இசைத்தட்டிலிருந்து துண்டு எடுத்து, டிரம்மோடு கோத்து, பாட்டின் உடம்பைக் கட்டுகிறவர். 'இல்மாட்டிக்'கில் அப்படி ஐந்து முக்கியக் கைகள்: டிஜே பிரீமியர், லார்ஜ் புரொஃபசர், பீட் ராக், கியூ-டிப், எல்.ஈ.எஸ். அதற்கு முன் நல்ல ராப் ஆல்பம் என்றால் பொதுவாக ஒரே ஆளோ ஒரே குழுவோ எல்லாப் பாட்டுக்கும் பீட் கட்டும். இங்கே ஊரின் பெரிய தலைகளெல்லாம் ஒரு புதுப் பையனுக்காக வரிசையில் வந்தார்கள். அப்படியும் ஆல்பம் ஒரே அறையில் பிறந்தது போல ஒட்டி நிற்கிறது. 'தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்' பாட்டில் அகமது ஜமாலின் பியானோ. 'இட் ஏன்ட் ஹார்ட் டு டெல்' பாட்டில் மைக்கேல் ஜாக்சனின் 'ஹ்யூமன் நேச்சர்'. 'ஒன் லவ்' பாட்டில் ஹீத் பிரதர்ஸ். ஜாஸ் கலைஞரின் மகனுக்கு இது பொருத்தமான வீடு. அப்பாவே 'லைஃப்ஸ் எ பிட்ச்' பாட்டின் கடைசியில் வந்து கார்னெட் வாசிக்கிறார். எனக்கு ஆல்பத்திலேயே மிகவும் பிடித்த அரை நிமிடம் அதுதான். சாக இருக்கிறோம், இருக்கும்வரை வாழ்வோம் என்று இரண்டு பையன்கள் பாடி முடித்த பிறகு, ஒரு தகப்பனின் மூச்சு.

இப்போது குறை சொல்பவர்கள் பக்கம் வருவோம்.

புதிதாகக் கேட்கும் இளைஞர்கள் முதலில் சொல்வது ஒலித்தரம். மங்கல், தூசு படிந்த மாதிரி, பாஸ் இல்லை. உண்மைதான். அக்கால நியூயார்க் புரொட்யூசர்களில் பலர், பீட் ராக் உட்பட, பழைய பாட்டுத் துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் எஸ்பி-1200 என்ற சாம்ப்ளர் பெட்டியை வைத்து வேலை செய்தார்கள். பன்னிரண்டு பிட் தரம். மொத்தமாக அது பிடித்துவைக்கும் ஒலி பத்து நொடி. இடம் மிச்சம் பிடிக்க நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 45ல் சுழலவிட்டுப் பதிவு செய்து, பிறகு பெட்டிக்குள் வேகத்தைக் குறைப்பார்கள். அப்படிக் குறைக்கும்போது ஒலியில் ஒரு மணல் தன்மை ஏறிவிடும். வசதிக்குறைவால் பிறந்த அந்தக் கரகரப்புதான் பிறகு ஒரு அழகியலாக மாறி, இன்று அதைப் போலியாக உண்டாக்க மென்பொருள் விற்கிறார்கள். 94ல் கேட்டவருக்கு அது ஊரின் வாசம், 2024ல் ஹெட்போனில் கேட்பவருக்குப் பழைய பதிவு. யாரையும் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது குறை சுவாரசியமானது: "இதில் புதிதாக ஒன்றும் இல்லையே." மளிகைக்கடை வாசல், படிக்கட்டு, ஜெயில், போலீஸ், செத்துப்போன நண்பன், பல அசை எதுகை, பியானோ சாம்பிள். எல்லாம் எங்கேயோ கேட்டதுதான் என்கிறார்கள். கேட்டிருப்பார்கள், இதைப் பார்த்து எழுதியவர்கள் அத்தனை பேர். மறு வருடமே அதே குடியிருப்பிலிருந்து மாப் டீப்பின் 'தி இன்ஃபமஸ்' வந்தது. 'இல்மாட்டிக்' அட்டைப்படத்தில் சின்ன வயது நாஸின் முகம் தெருவோடு கலந்து தெரியும்; 'ரெடி டு டை' அட்டையில் குழந்தை வந்தபோது, அது காப்பி என்று வூ-டாங்கின் ரேக்வானும் கோஸ்ட்ஃபேஸும் தங்கள் ஆல்பத்திலேயே குத்திக்காட்டினார்கள். ஒரு பெரிய ஆற்றில் குளித்து வளர்ந்தவருக்கு ஊற்றைக் காட்டினால், இவ்வளவு சின்னதா என்றுதான் கேட்பார். அவர் காதில் விழுவது விழுந்ததுதான்; வரலாறு சொல்லிக்கொடுத்து ஒருவரை ரசிக்க வைக்க முடியாது.

பலவீனமான பாட்டு எது என்ற சண்டையில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது 'ஒன் டைம் 4 யுவர் மைண்ட்'. சோம்பலாக, பெரிய திட்டம் ஏதும் இல்லாமல், வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். நான் அதன் கட்சி. சுற்றி இருக்கும் எட்டுப் பாட்டும் விறைப்பாக நிற்கும்போது ஒருவர் சட்டைப் பொத்தானைத் தளர்த்தினால் என்ன? இன்னொரு நிரந்தரத் தகராறு ஏஇசட். ஆல்பம் முழுக்க நாஸைத் தவிர ராப் செய்யும் ஒரே விருந்தாளி இவர்தான், 'லைஃப்ஸ் எ பிட்ச்' பாட்டின் முதல் பகுதியில். 'ஆக்சுவாலிட்டி', 'சாலரி', 'மென்டாலிட்டி' என்று அவர் அடுக்கிக்கொண்டு போகும் வேகத்தில், அந்தப் பாட்டை நாஸிடமிருந்து பறித்துவிட்டார் என்று சொல்லும் ரசிகர்கள் ஏராளம். அந்த ஒரு பகுதியை வைத்தே அவருக்கு ஆல்பம் ஒப்பந்தம் கிடைத்தது என்பதால் சாட்சி அவர்கள் பக்கம் பலமாகவே இருக்கிறது.

அவ்வளவாகப் பேசப்படாத ஒரு குறையும் உண்டு. இந்த உலகத்தில் பெண்கள் கிட்டத்தட்ட இல்லை. வரும் இடங்களிலும் பெயர் இல்லாமல், பெரும்பாலும் மரியாதையும் இல்லாமல் வந்து போகிறார்கள். தெருவை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த கண், அதே தெருவில் நடந்த பாதிப்பேரைப் பார்க்கவில்லை. இருபது வயதுப் பையனின் கண்ணோட்டம் என்று விளக்கலாம், விளக்கினாலும் ஓட்டை ஓட்டைதான்.

இனி எனக்கு இந்தச் சண்டையிலேயே பிடித்த பகுதி: ஆல்பத்தின் நீளம்.

வெளியீட்டுக்குப் பல மாதம் முன்பே 'இல்மாட்டிக்'கின் திருட்டு கேசட்டுகள் நியூயார்க் தெருக்களில் கைமாறின. தாமதித்தால் வாங்க ஆள் இருக்காது என்ற பதற்றத்தில் வெளியீட்டை முடுக்கினார்கள் என்று இந்த ஆல்பத்தோடு வேலை செய்தவர்கள் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். ஆக, ஒன்பது பாட்டோடு நிறுத்துவோம் என்று யாரோ உட்கார்ந்து யோசித்து எடுத்த கலை முடிவு மட்டும் அல்ல அது. திருடர்களுக்கும் அதில் பங்கு உண்டு. வெளிவந்த பிறகும் விற்பனை பிரமாதம் இல்லை. பில்போர்டு பட்டியலில் பன்னிரண்டாம் இடத்தில் நுழைந்தது. ஐந்து லட்சம் பிரதிக்கான கோல்டு சான்றிதழ் வர 1996 ஆகிவிட்டது. பத்து லட்சத்துக்கான பிளாட்டினம் 2001 கடைசியில்தான்.

அந்த இடைப்பட்ட காலத்தில் சிடி ராஜ்ஜியம். ஒரு தட்டில் எழுபத்து நாலு நிமிடம் கொள்ளும், காசு கொடுத்தவர் அதை நிரப்பித் தரும்படி எதிர்பார்த்தார். டூபாக்கின் 'ஆல் ஐஸ் ஆன் மீ' 1996ல் இரட்டைத் தட்டாக வந்தது, வூ-டாங்கும் பி.ஐ.ஜி.யும் 1997ல் ஆளுக்கு ஒரு இரட்டைத் தட்டு. பாட்டுக்கு நடுவே நாடகத் துணுக்கு, நண்பர்களுக்கெல்லாம் ஒரு வாய்ப்பு என்று ஆல்பங்கள் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி நீண்டன. அந்தக் காலத்து வாங்குபவருக்கு ஒன்பது பாட்டு என்பது கஞ்சத்தனம். நாஸும் அதை உணர்ந்தது போலத்தான் நடந்துகொண்டார். 1996ல் வந்த 'இட் வாஸ் ரிட்டன்' நீளமானது, பளபளப்பானது, லாரின் ஹில் பாடிய வெற்றிப் பாட்டோடு வந்தது. பட்டியலில் நேராக முதலிடம். முதல் ஆல்பத்தின் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள்: படிக்கட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பையன் எங்கே, விலையுயர்ந்த சட்டை போட்டுக்கொண்டு மாஃபியா கதை சொல்லும் இவர் யார்? கடைகளில் அதிகம் விற்ற நாஸ் ஒருவர், ரசிகர் மனதில் உயர்ந்த நாஸ் இன்னொருவர் என்றாகிவிட்டது. 2001ல் இன்னொரு நியூயார்க் ராப்பரான ஜே-ஸீ 'டேக்ஓவர்' பாட்டில், பத்து வருடத்துக்கு ஒரு நல்ல ஆல்பம் என்ற கணக்குப் போட்டுக் கிண்டல் செய்தபோது, ரசிகர்கள் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்ததைத்தான் மைக்கில் சொன்னார். (அதே ஜே-ஸீ 1996ல் 'டெட் பிரசிடென்ட்ஸ்' பாட்டுக்கு நாஸின் குரலையே சாம்பிள் எடுத்து வைத்திருந்தார் என்பது தனி வேடிக்கை.) நாஸ் 'ஈத்தர்' என்று பதில் கொடுத்தார். அந்தப் பாட்டு வந்த ஆல்பத்துக்கு 'ஸ்டில்மாட்டிக்' என்று பெயர் வைத்தார். தன் முதல் ஆல்பத்தின் நிழல் எவ்வளவு நீளம் என்பதை அவரே ஒப்புக்கொண்ட மாதிரி.

'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியல், முதல் ஆல்பத்தின் மதிப்பு காலப்போக்கில் மாறியதற்கு நல்ல அளவுகோல். எல்லா வகை இசையும் அடங்கிய பட்டியல் அது. 2003ல் 'இல்மாட்டிக்'குக்கு 400ஆம் இடம். 2012ல் 402. 2020ல் 44. எட்டு வருடத்தில் ஆல்பத்தில் ஒரு நொடி கூட மாறவில்லை. வாக்களித்தவர்கள் மாறினார்கள், கிட்டார் கேட்டு வளர்ந்த தலைமுறையின் இடத்தில், பதின்ம வயதில் இதைக் கேட்டவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இதே பத்தாண்டில்தான் ஹார்வர்டில் நாஸ் பெயரில் ஆய்வு உதவித்தொகை, வாஷிங்டனில் தேசிய சிம்பனி இசைக்குழுவோடு முழு ஆல்பத்தையும் பாடிய நிகழ்ச்சி, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இடம் எல்லாம். தெருவில் திருட்டு கேசட்டாகச் சுற்றியது வயலின்களுக்கு நடுவே கோட்டு போட்டு நின்றது. பழைய ரசிகர்களில் சிலருக்கு அது கண்ணீர் வரவழைத்த பெருமை. வேறு சிலருக்குச் சங்கடம். பாடப்புத்தகத்தில் சேர்ந்த எதுவும் கொஞ்சம் செத்துப்போகும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது, முதல் பக்கம் கொஞ்சம் அதிகமாக.

ஸ்ட்ரீமிங் வந்த பிறகு நீளத்தின் கணக்கு தலைகீழானது. முப்பது பாட்டு ஆல்பங்களில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்கும் பழக்கம் வந்ததும், தள்ள ஒன்றும் இல்லாத ஆல்பம் என்பது பெரிய சிறப்பாகிவிட்டது. 94ல் குறை, 2004ல் குறை, இப்போது அதுவே முதல் பாராட்டு. அவசரத்தில் நின்றுபோன ஒன்றைச் சுயக்கட்டுப்பாடு என்று புகழ்கிறார்கள்.

இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமே என்று ஏங்கியவர்களுக்கு 2014ல் பதில் கிடைத்தது. இருபதாம் ஆண்டுப் பதிப்பான 'இல்மாட்டிக் XX' இரண்டு தட்டோடு வந்தது. இரண்டாவது தட்டில் ரீமிக்ஸ்கள், 'ஐ'ம் எ வில்லன்' என்ற ஆரம்ப கால டெமோ, ஸ்ட்ரெட்ச் ஆம்ஸ்ட்ராங்கும் பாபிட்டோவும் பல்கலைக்கழக வானொலியில் நடத்திய நிகழ்ச்சியில் 1993 அக்டோபரில் நாஸ் பாடிய பகுதி. எல்லாம் நல்ல சரக்கு. நானும் ஆசையாக எடுத்துக் கேட்டேன், இரண்டு தடவை. அதற்கப்புறம் ஆல்பத்தைப் போடும்போதெல்லாம் 'இட் ஏன்ட் ஹார்ட் டு டெல்' மங்கி முடிந்ததும் கை தானாக முதல் ட்ராக்குக்குத்தான் திரும்பிப் போகிறது.